அட்மின் பாஸ்வேர்டு ஒரே ஆளிடமா? சர்வர் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது?

புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் கூட்டம் அலைமோதுகிறது. அதே நேரத்தில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் சர்வர் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். லோடு ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது. பில் போட முடியவில்லை. அட்மின் பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள், போனை ஆஃப் செய்துவிட்டு மலையில் தரிசன வரிசையில் நிற்கிறார். இப்போது என்ன செய்வது?

இது கற்பனைதான். ஆனால் அமெரிக்காவின் ஒரு பெருநகரமே இப்படி மாட்டிக்கொண்டது நிஜம்.

சான் பிரான்சிஸ்கோவில் என்ன நடந்தது?

சான் பிரான்சிஸ்கோ மாநகர நிர்வாகத்தின் ஃபைபர் நெட்வொர்க்கை அமைத்துப் பராமரித்தவர் டெர்ரி சைல்ட்ஸ் என்ற இன்ஜினியர். அதன் அட்மின் பாஸ்வேர்டுகள் அவர் ஒருவரிடம் மட்டுமே இருந்தன. 2008 ஜூலையில் மேலதிகாரிகள் கேட்டபோது தர மறுத்தார். அவர்களுக்கு அதைப் பெறும் தகுதி இல்லை, கொடுத்தால் பாதுகாப்பு போய்விடும் என்பது அவர் தரப்பு வாதம். ஜூலை 12-ல் கைது. ஜாமீன் தொகை 50 லட்சம் டாலர்.

வேடிக்கை என்னவென்றால், அத்தனை நாளும் நெட்வொர்க் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் யாராலும் அதில் கைவைக்க முடியவில்லை. பல கருவிகளில் பாஸ்வேர்டு மீட்பு வசதியையே அவர் முடக்கி வைத்திருந்தார். சிலவற்றில் அமைப்புத் தகவல்கள் நிரந்தர நினைவகத்தில் இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்தால் எல்லாமே அழிந்துவிடும். கடைசியில் மேயர் கேவின் நியூசம் சிறைக்கே போய்ப் பார்த்தபோதுதான் பாஸ்வேர்டைக் கொடுத்தார். 2010-ல் அவருக்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

தப்பு யார் மேல்?

நீதிமன்றம் சைல்ட்ஸைக் குற்றவாளி என்றது. சரி. ஆனால் ஒரு நகரத்தின் மொத்தச் சாவியையும் ஒரே ஆளிடம் விட்டுவிட்டு, வருடக்கணக்கில் கேள்வி கேட்காமல் இருந்த நிர்வாகத்துக்குப் பொறுப்பே இல்லையா? "அவர் பார்த்துக்குவார்" என்று விட்டுவிடுவது நம்பிக்கை மாதிரி தெரியும். உண்மையில் அது அலட்சியம்தான். அந்த ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம், வேறு வேலைக்குப் போகலாம், விபத்தில்கூட சிக்கலாம்.

பூட்டிக்கொண்டால் வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. முதலில், பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்து அடிப்பதை நிறுத்துங்கள். பல சிஸ்டம்களில் சில தவறான முயற்சிகளிலேயே கணக்கு முடங்கிவிடும். அடுத்து, வேறு யாருக்காவது அட்மின் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவரே புதிய பாஸ்வேர்டு வைத்துத் தரலாம்.

அதுவும் இல்லையென்றால், சர்வர் இருக்கும் அறைக்கே போக வேண்டும். லினக்ஸ் சர்வரில் பூட் ஆகும்போது வரும் மெனு வழியாக மாற்றிவிடலாம். விண்டோஸ் டொமைன் சர்வர் என்றால், அதை நிறுவும்போதே ஒரு தனி மீட்பு பாஸ்வேர்டு கேட்கும். அன்று அதை எழுதி வைத்தவர் பிழைத்தார். ரவுட்டர்களுக்கும் கன்சோல் கேபிள் வழியாக மீட்பு முறை உண்டு. எதைத் தொடும் முன்பும் டிஸ்க்கின் நகல் ஒன்றை எடுத்துவிடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் செய்யப்பட்டு, மீட்புச் சாவியும் தொலைந்துவிட்டால் எந்த வித்தையும் பலிக்காது. அங்கே கைகொடுப்பது பேக்கப் மட்டும்தான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்களை ஹேக்கர்கள் முடக்கியபோது, ஊழியர்கள் பேப்பரும் பேனாவுமாக வேலை பார்க்க வேண்டியிருந்தது. பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் தகவல்கள் மீட்கப்பட்டன.

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் பிரிவு 43, உரிமை உள்ளவரை சிஸ்டத்துக்குள் விடாமல் தடுப்பதையும் விதிமீறலாகப் பார்க்கிறது. மோசடி நோக்கம் இருந்தால் பிரிவு 66-ன் கீழ் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டம், உரிமையாளர் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைபவர் மீதும் பாயும். அதனால் மீட்க வருபவருக்கு நிர்வாகம் எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுப்பது இருவருக்குமே பாதுகாப்பு.

இன்றே செய்ய வேண்டியது

அவசரத்துக்கு என்று தனியாக ஒரு அட்மின் கணக்கு. அதன் பாஸ்வேர்டு சீல் வைத்த கவரில், முதலாளியின் பெட்டகத்தில். அட்மின் உரிமை குறைந்தது இரண்டு பேரிடம். ஒருவர் வேலையை விட்டுப் போனால், அன்றே பாஸ்வேர்டு மாற்றம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கவரைப் பிரித்து, அது வேலை செய்கிறதா என்று ஒரு சோதனை.

ஆகும் செலவு ஒரு கவர், ஒரு மணி நேரம். இது ஐடி ஊழியரின் வேலை இல்லை, முதலாளி உட்கார்ந்து கேட்டு வாங்க வேண்டிய வேலை. கேட்பது ஊழியரைச் சந்தேகப்படுவதும் ஆகாது. அடுத்த புரட்டாசி சனிக்கிழமையாவது அவர் போனை ஆஃப் செய்துவிட்டு நிம்மதியாகப் பெருமாளைச் சேவித்துவிட்டு வரட்டுமே!