மீனுக்கு மொட்டைப் பட்டினி!

சென்னை மச்சான் வீட்டுத் தொட்டியிலிருந்து ஆறு தங்கமீன். 'வழியில் பசிக்குமே' என்று தீனி போட்டு, பை முட்டத் தண்ணீர் ரொப்பி பஸ் ஏறினேன். கெலவரப்பள்ளி சேர்வதற்குள் ஆறும் மல்லாந்துவிட்டன. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை!

அடுத்த முறை கொளத்தூர் மீன் கடை. கதையைக் கேட்டுச் சிரித்தார் கடைக்காரர்.

''விருந்து வச்சா அனுப்புவாங்க? முந்தின நாளே பட்டினி போடணும் சார். தின்னா கழியும், கழிஞ்சா அம்மோனியா. அதுலதான் போச்சு!''

இரட்டைப் பை. மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர், மீதி ஆக்சிஜன். தெர்மோகோல் பெட்டி.

வீட்டில் போர் தண்ணீர்த் தொட்டி தயார். (எங்கள் அணையில் பெங்களூர்க் கழிவு அவ்வப்போது நுரை பொங்கும் ஸ்வாமி!) பையை அவிழ்க்காமல் கால் மணி மிதக்கவிட்டுத் திறந்தேன். ஆறும் துள்ளின.

''பாவம்ப்பா, பசிக்கும்...'' என்றபடி தீனி டப்பாவோடு வந்தாள் மகள். பாய்ந்து பிடுங்கினேன்.

மறுபடி பேசுவதில்லை!