மலத்தில் ஜோசியம் பார்க்கும் வியாபாரம்

கைரேகை பார்த்தாயிற்று. கிளி சீட்டு எடுத்தாயிற்று. நாடி ஏடும் புரட்டியாயிற்று. இப்போது மலத்தை வைத்துப் பலன் சொல்ல ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. இந்த ஜோசியர் நெற்றியில் பட்டை போடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வெள்ளைக் கோட்டு, மொபைல் ஆப், கலர் கலராக வரைபடம் என்று வருகிறார்.

விஷயம் இதுதான். இணையத்தில் பணம் கட்டினால் வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். அதிலுள்ள குழாயில் துளி மலத்தை எடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். சில வாரங்களில் ரிப்போர்ட் வரும். குடலில் இன்னின்ன பாக்டீரியா இருக்கிறது, ஆகவே இந்தக் காய் சாப்பிடலாம், அந்தப் பழம் ஆகாது என்று பட்டியல். உங்களுக்கே உங்களுக்கான உணவு முறையாம்!

எல்லாமே பொய்யா என்றால் இல்லை. அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. 2015ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 800 பேரின் ரத்தச் சர்க்கரையை ஒரு வாரம் தொடர்ந்து அளந்தார்கள். ஒரே உணவைச் சாப்பிட்டாலும் ஆளுக்கு ஆள் சர்க்கரை ஏறும் அளவு வேறுபட்டது. 2020ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சுமார் 1,000 பேரை வைத்து நடந்த பிரெடிக்ட் ஆய்வில், ஒரே மரபணு கொண்ட இரட்டையர்களிடம்கூட வேறுபாடு தெரிந்தது. ஆக, எல்லோருக்கும் ஒரே உணவு ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பது உண்மை.

ஆனால் 'ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு' என்பதற்கும் 'மலத்தைப் பார்த்து நீ என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிடுவோம்' என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. கடை போட்டிருப்பது அந்தப் பள்ளத்தில்தான். ஆரோக்கியமான குடலில் எந்த நுண்ணுயிர் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் கிடையாது. அளவுகோலே இல்லாமல் மார்க் போடுவது எப்படி? 2024 டிசம்பரில் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து மருத்துவ இதழான லான்செட்டின் இரைப்பை குடலியல் பதிப்பில் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். மருத்துவர் பரிந்துரை இல்லாமல் நோயாளிகள் தாங்களாகவே இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குவதை அவர்கள் ஆதரிக்கவில்லை. சோதனை செய்யும் நிறுவனமே சிகிச்சையும் சொல்வதையும் ஆதரிக்கவில்லை.

பிரிட்டனின் ஸோயி நிறுவனம் 347 பேரை வைத்து 18 வாரம் நடத்திய சோதனை 2024ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. ஆப் சொன்னபடி சாப்பிட்டவர்களுக்கு ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கொழுப்பு கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.லில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எதிரணிக்குக் கிடைத்தது அமெரிக்க அரசின் பொதுவான உணவு ஆலோசனை மட்டும். ஒரு பக்கம் மாதக்கணக்கில் ஆப்பும் கவனிப்பும், இன்னொரு பக்கம் பொது ஆலோசனை. பலன் தந்தது மலப் பரிசோதனையா, தினசரி கவனிப்பா? அந்தச் சோதனையால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. செலவு செய்ததும் அதே நிறுவனம்தான் என்பது உபரித் தகவல்.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது பழகிய கதை. டார்பி, கார்னி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1973ல் ஒரு வகைப் பொருளை அடையாளம் காட்டினார்கள். வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தரம் தெரியாத பொருள். தக்காளி அழுகியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் தெரிந்துவிடும். மெக்கானிக் மாற்றிய பாகத்தை நிஜமாகவே மாற்ற வேண்டியிருந்ததா என்பது கடைசிவரை தெரியாது. நம்பிக்கை ஒன்றுதான் ஆதாரம். குடல் ரிப்போர்ட் இரண்டாவது ரகம். விற்பவர் மேல் கண்காணிப்பு அதிகம் தேவைப்படும் சந்தை இது.

கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சான் ஃபிரான்சிஸ்கோவின் யூபயோம் உதாரணம். 2012ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி ஆரம்பித்த நிறுவனம். பிறகு முதலீட்டாளர்கள் கோடிகளைக் கொட்டினார்கள். 2019 ஏப்ரலில் எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் நுழைந்தது. அதே ஆண்டு திவால். 2021 மார்ச்சில் நிறுவனர்கள் இருவர் மீது மோசடிக் குற்றச்சாட்டு பதிவானது. இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு 30 கோடி டாலருக்கு மேல் பில் அனுப்பி, மூன்றரை கோடி டாலருக்கு மேல் வசூலித்ததாகச் சொல்கிறது அமெரிக்க நீதித்துறை. தேவையில்லாத சோதனைகள், பழைய சாம்பிளையே மறுபடி சோதித்து இன்னொரு பில், ஒப்புதல் போடக் கைவசம் ஒரு மருத்துவர் பட்டாளம்... குற்றச்சாட்டின் சாராம்சம் இது.

பணத்தோடு போனால் பரவாயில்லை. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்று வலி, இதெல்லாம் உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். இவற்றோடு இருப்பவர் ரிப்போர்ட்டை நம்பி தயிரையும் வாழைப்பழத்தையும் மாற்றிக்கொண்டு ஆறு மாதம் கடத்தினால் அந்த ஆறு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்? இன்னொரு பக்கம், ஐ.ஜி.ஜி. ரத்தப் பரிசோதனை என்று ஒன்று காட்டி, பால், கோதுமை, முட்டை என்று நீளமான தடைப்பட்டியல் கொடுக்கிறார்கள். ஐ.ஜி.ஜி. காட்டுவது அந்த உணவை உடம்பு ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்பதை மட்டுமே. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இது உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் 2008லும் கனடா நாட்டவர்கள் 2012லும் சொல்லிவிட்டார்கள். வியாபாரம் மட்டும் நிற்கவில்லை.

'கிட் வாங்கிய பிறகு வயிறு சரியாகிவிட்டதே' என்று சிலர் சொல்லலாம். சரியாகியிருக்கும். பாக்கெட் நொறுக்குத் தீனியைக் குறை, காய்கறியும் பருப்பும் கூட்டு என்றுதான் பெரும்பாலான ரிப்போர்ட்டும் முடிகிறது. இதைச் சொல்லப் பாட்டி போதும். மேலும் வயிற்று உபாதை தானாகவே ஏறும், இறங்கும். இறங்கும்போது கையில் எது இருக்கிறதோ அதற்குப் பெயர் போய்விடும்.

அப்படியானால் தனிநபருக்கேற்ற உணவு முறை என்பதே கிடையாதா? உண்டு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வளர்ந்தது ஃபாட்மேப் முறை. பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005ல் முன்வைத்தது. குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சில மாவுச்சத்துகளை 2 முதல் 6 வாரம் குறைப்பது முதல் கட்டம். ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்ப்பது இரண்டாம் கட்டம். ஒத்துக்கொண்டதையெல்லாம் மறுபடி சாப்பிட்டு, தொல்லை தருவதை மட்டும் அளவோடு வைப்பது மூன்றாம் கட்டம். நம் சாம்பாரையே எடுத்துக்கொண்டால் வெங்காயம், பூண்டு, பருப்பு மூன்றும் இந்த வகையறா. மூன்றும் எல்லோருக்கும் எதிரி இல்லை. யாருக்கு எது என்பதை அவரவர் வயிறே சொல்லும். தேவை ஒரு நோட்டு, ஒரு பேனா, நல்ல உணவியல் நிபுணர் ஒருவர். அதற்கு முன்னால் மருத்துவர் வேறு நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கோதுமையை முன்கூட்டியே நிறுத்திவிட்டால் சீலியாக் நோய்க்கான பரிசோதனை தப்பான முடிவு காட்டக்கூடும் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

இதில் எளிதான வேலை எதுவும் இல்லை. வாரக்கணக்கில் எழுத வேண்டும், பொறுமை வேண்டும். கிட் நிறுவனங்கள் விற்பது அறிவியலை அல்ல, இந்தப் பொறுமையிலிருந்து விடுதலையை. அதனால்தான் அவ்வளவு விலை.

அடுத்த முறை விளம்பரம் கண்ணில் பட்டால் ஒரே ஒரு கேள்வி போதும். இந்த ரிப்போர்ட் தப்பு என்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குப் பதில் சொல்ல முடியாதவரிடம் பணம் கொடுப்பதற்குக் கிளி ஜோசியரிடமே கொடுக்கலாம். அந்தக் கிளிக்காவது நாலு நெல்மணி கிடைக்கும்.