கரையிலே காத்திருத்தல்

கற்பிட்டிக்கு வடக்கே, மேற்கில் பெருங்கடலும் கிழக்கில் குடாவும் நெருக்கி நிற்க, இடையில் மெலிந்து நீண்டு கிடக்கும் மணற்றிட்டு உச்சமுனை. அங்குச் செல்வோர் படகேறியே செல்கின்றனர். வைகாசி பிறந்துவிட்டால் காற்று வலுத்துவிடும். புரட்டாதி வரையில் அது ஓயாது. அக்காலத்தில் படகு புறப்படும் நேரத்தை மனிதர் தீர்மானிப்பதில்லை, காற்றே தீர்மானிக்கின்றது.

ஈராண்டுகளுக்கு முன், ஆவணி விடுமுறையில், நண்பர் ஒருவரின் மீன்வாடியில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். அடுத்த வீட்டிலே மூன்றாவது பிள்ளையைச் சுமந்திருந்த ஓர் இளந்தாயைப் பார்க்க மருத்துவமாது படகில் வந்திருந்தார். அவர் அப்பெண்ணின் கணைக்காலை விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. கையிற் பட்டியைச் சுற்றிக் குருதி அமுக்கத்தை அளந்தார். ஒரு கணம் பொறுத்து மீண்டும் அளந்தார். அருகில் நின்ற மாமியார், "கால் வீக்கம் எந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கு இல்லை, மிஸ்?" என்றார். மருத்துவமாது அதற்கு மறுமொழி கூறவில்லை. "தலையிடி இருக்கா, தங்கச்சி? கண் மங்குதா?" என்று மட்டும் கேட்டார். தலையிடி இருந்தது. அதை அப்பெண் வெயிலின் மேற் சுமத்தியிருந்தாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

அன்று நாம் கண்டது என்ன என்பதை விளங்கிக்கொள்ளப் பின்னர் பல நூல்களைப் புரட்ட நேர்ந்தது. கர்ப்பத்தின் இருபதாம் கிழமைக்குப் பிறகு குருதி அமுக்கம் 140க்கு 90 என்ற எல்லையைத் தாண்டி, சிறுநீரிலே புரதமும் கலந்து வருமாயின், அதனை வலிப்புக்கு முந்திய நிலை என்பர். இதன் வேர் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே ஊன்றப்படுகின்றது. நச்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுவரும் கருப்பை நாளங்கள் அகன்று இளக வேண்டிய பருவத்தில் இளகாது குறுகியே நின்றுவிடுகின்றன. விளைவு பல மாதங் கழித்தே வெளிப்படும். தாய்க்கு நோய் என்ற உணர்வே பெரும்பாலும் இராது. சமைப்பாள், துவைப்பாள், கருவாடு காயவைப்பாள். திடீரென ஒரு நாள் வலிப்புக் கண்டு விழுவாள். இந்நோயின் கொடுமை அதன் மௌனத்திலேயே இருக்கின்றது.

தாய் நோயாளியாகாத முன்னரே அவளைப் பரிசோதிக்க வேண்டும் என்ற எண்ணம் பழையதன்று. எடின்பரோ நகரத்து வைத்தியர் பாலன்டைன், பிரசவத்துக்கு முந்திய காலத்துக்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டுமென 1901இல் எழுதினார். நம் நாட்டிலே கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி 1879இலேயே திறக்கப்பட்டது. ஆயினும் கிராமத்துத் தாயை அவள் வீட்டு வாசலிலேயே தேடிச் செல்லும் முறை, 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி ஏற்பட்ட பின்னரே வேர்கொள்ளலாயிற்று. 1930களில் ஆயிரம் பிறப்புக்கு இருபது தாய்மாருக்கு மேல் மாண்ட தேசம் இது. இன்று இலட்சம் பிறப்புக்கு முப்பது நாற்பது என்ற அளவிற்கு அது இறங்கியுள்ளது. இதற்குப் பெரிய ஆசுபத்திரிகளை மட்டும் புகழ்ந்து பயனில்லை. தராசும், அமுக்கமானியும், ஒரு பதிவு அட்டையும் கொண்டு வீடுவீடாய்ச் சென்ற மருத்துவமாதருக்கு அதிற் பெரும் பங்குண்டு.

விசேட சிகிச்சை என்றவுடன் நம்மவர் பெரிய இயந்திரங்களை நினைக்கின்றனர். குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கென்றே ஸ்கேன் எடுக்கப் பணம் செலவிடும் பட்டினத்துக் குடும்பங்களை நாம் அறிவோம். அதே தாயாரின் குருதி அமுக்கம் எத்தனை என்று கேட்டால் வீட்டில் எவருக்குந் தெரியாது! உண்மையில், ஆபத்து நிறைந்த கர்ப்பங்களைக் காக்கும் மருந்துகளிற் சில மிக மலிவானவை. வலிப்பு வராமற் காக்க ஏற்றப்படும் மக்னீசியம் சல்பேற்று, நம் பாட்டிமார் பேதியுப்பு என்று அறிந்திருந்த அதே பொருள்தான். சுத்திகரித்து, அளவறிந்து, ஊசி மூலம் செலுத்தப்படுகின்றது. முப்பத்துமூன்று நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரிடத்து நடத்திய ஆய்வொன்று, அது வலிப்பைப் பாதியாகக் குறைக்கின்றது என 2002இல் நிலைநாட்டியது. முற்பிரசவத்தில் இந்நோய் கண்டவர்களுக்கு, அடுத்த கர்ப்பத்தின் பதினாறாம் கிழமைக்கு முன்பே வைத்தியர் சிறிதளவு அஸ்பிரின் கொடுக்கத் தொடங்குகின்றனர். தாமாகவே கடையில் வாங்கி விழுங்கத் தக்கதன்று அது என்பதையும் இங்கே சொல்லிவைக்கின்றோம்.

பிள்ளையின் பொருட்டுத் தாய்க்கு இடும் ஊசியின் கதை இவற்றினும் சுவையானது. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்து மகளிர் மருத்துவமனையில் லிகின்ஸ் என்ற வைத்தியர், பிரசவம் எதனால் தொடங்குகின்றது என்பதை அறியும்பொருட்டுச் சினையாடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீரோயிட்டு மருந்து ஏற்றப்பட்ட ஆட்டுக்குட்டி ஒன்று மிக முன்கூட்டியே பிறந்தது. நியாயப்படி அது மூச்சுவிட முடியாமல் இறந்திருக்க வேண்டும். அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது! சுவாசப்பை முன்னதாகவே முதிர்ந்துவிட்டதைக் கண்ட அவர், ஹோவி என்ற குழந்தை வைத்தியருடன் சேர்ந்து தாய்மாரிடத்துச் சோதித்து, முடிவை 1972இல் வெளியிட்டார். உலகம் அதை முழுமையாக ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேற் சென்றது. இதே மருத்துவமனையிற்றான், 1963இல் லைலி என்பவர், தாயின் இரத்த வகையோடு பொருந்தாமையால் கருவிலேயே இரத்தமழிந்து வாடிய சிசுவுக்குக் கருப்பையினுள்ளேயே இரத்தம் ஏற்றி வெற்றி கண்டார்; பிறவாத பிள்ளையும் வைத்தியருக்கு ஒரு நோயாளியே என்பது அன்று மெய்ப்பட்டது.

லிகின்ஸ் கண்ட ஊசிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது உடனே வேலை செய்வதன்று. ஊசி ஏற்றத் தொடங்கி ஒரு நாளேனும் கழிந்த பின், ஒரு கிழமைக்குள்ளே பிள்ளை பிறந்தாற்றான் முழுப்பயன் கிட்டும். குறைமாதத்தில் வலி கண்ட பின்னர் படகு தேடுகின்றவர்களுக்கு அந்த ஒரு நாள் எங்கேயிருந்து வரும்? பிறந்த குறைமாதக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கடல் கடத்துவதிலும், தாயின் வயிற்றில் இருக்கும்போதே கடத்துவது நன்று. கருப்பையைப் போன்ற பெட்டியை எவரும் இன்னும் செய்யவில்லை.

ஆதலினாலே, உச்சமுனைக்கு ஒரு நிபுணரை நியமியுங்கள் என்று கேட்பதில் எமக்கு உடன்பாடில்லை. ஒரு நிபுணர் தனித்து வந்து என்ன செய்வார்? மயக்க மருந்து வைத்தியர், இரத்த வங்கி, குறைமாதக் குழந்தைகளுக்கான பிரிவு ஆகியவை உடனிருந்தாலன்றி அவர் கை கட்டப்பட்டதே. பிள்ளை பிறக்கும் காலத்துக்கு முன்னரே தாயைக் கரைக்கு அழைத்துவந்து, வைத்தியசாலைக்கு அண்மையில் தங்கவைப்பதே பொருத்தமான வழி. கியூபா நாட்டில் 1962இல் இதற்கென்றே தாய்மார் தங்குமனைகளை அமைக்கத் தொடங்கினர். தொலைதூரத்துக் கர்ப்பிணிகள் கடைசி வாரங்களை அங்கே கழிக்கின்றனர். நான்கு கட்டில், ஓர் அடுக்களை, துணைக்கு வரும் மூதாட்டி படுக்க ஒரு திண்ணை. கற்பிட்டிப் பக்கத்தில் இப்படி ஒன்றை அமைக்கக் கோடி ரூபா வேண்டியதில்லை. தீவுப் பெண்கள் முன்கூட்டி வர மறுப்பதற்குக் காரணம் அறியாமை என்று அதிகாரிகள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். எமக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கே தங்குவது, வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது என்னும் இரு கேள்விகளுக்கு விடையில்லாததே காரணம்.

அன்றும் அதுவே நிகழ்ந்தது. அப்பெண்ணின் கணவர் பொழுதுசாய்ந்து கடலிலிருந்து வந்தார். மருத்துவமாது சொன்னதைக் கேட்டு மறுக்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கற்பிட்டியில் உறவென்று எவருமில்லை. வாடகைக்கு இடம் பிடிக்கக் கையிலே காசுமில்லை. காற்றோ தென்னங்கீற்றுகளை முறிப்பதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. எமது நண்பர்தாம், கற்பிட்டியிலுள்ள தம் தமக்கை வீட்டில் மாமியாரும் பிள்ளைகளும் தங்கலாம் என்றார். சற்று முன்பு கால் வீக்கத்தைப் பற்றி வாதிட்ட அதே மாமியார் உடனே எழுந்து சீலைகளை மூட்டை கட்டலானார். விடியற்காலை நான்கு மணியளவில் காற்றுச் சற்றுத் தணிந்தது. டோர்ச் வெளிச்சத்தில் அப்பெண்ணைக் கைத்தாங்கலாகப் படகிலேற்றினர். மருத்துவமாது அவள் பக்கத்திலேயே அமர்ந்துகொண்டார்.

அன்று முற்பகலிலேயே முதல் ஊசி போடப்பட்டது. ஆறு நாள் அவளை வைத்தியர்கள் தாங்கிப் பிடித்தனர். ஏழாம் நாள், அமுக்கம் அடங்காமையாற் சத்திரசிகிச்சை செய்து எடுத்த ஆண் குழந்தை, ஒன்றரைக் கிலோவிற்குச் சற்று அதிகம் நிறுத்தது. தானாகவே மூச்சுவிட்டானாம். சென்ற மாதம் நண்பர் எழுதிய கடிதத்தில், அவன் இப்பொழுது வாடியைச் சுற்றி ஓடித் திரிகின்றான் என்றும், கருவாட்டுப் பாயிலிருந்து அவனைத் தூக்குவதே மாமியாருக்கு முழுநேர வேலை என்றும் குறித்திருந்தார்.