அங்கீகார எண் இல்லாத பயிற்சி விளம்பரங்களை அகற்றுங்கள்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும், எங்கள் காஞ்சிபுரத்துச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ‘ஆறே மாதத்தில் பிளம்பிங் டிப்ளமோ, வெளிநாட்டில் வேலை உறுதி’ என்று விளம்பரங்கள் முளைத்துவிடுகின்றன. யார் கொடுத்த அங்கீகாரம், அதன் எண் என்ன என்று ஒரு வரிகூட அவற்றில் இருப்பதில்லை. கேட்பாரே இல்லாமல் இது ஆண்டுதோறும் நடப்பது அநியாயம்.

இதில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற நெசவாளர் குடும்பங்கள். கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு ஆள் உட்கார வேண்டும். கிடைக்கும் கூலியைப் பார்த்துப் பிள்ளைகள் தறிக்குழியில் இறங்க மறுக்கிறார்கள். கோயிலுக்கு வருவோருக்கான விடுதிகளும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளும் இருக்கும்போது, குழாய் வேலை கற்றால் பிழைத்துக்கொள்வான் என்று பெற்றோர் நினைப்பது சரியான கணக்குதான். என் தங்கை தோட்டை அடகு வைத்து மகனை அப்படி ஒரு தனியார் நிலையத்தில் சேர்த்தாள். ஜி.ஐ. பைப்பில் ஒரு மரை வெட்டியதில்லை, கழிவுக் குழாய்க்கு எவ்வளவு வாட்டம் வேண்டும் என்று அளந்து பார்த்ததில்லை. நோட்டில் படம் வரைந்ததுதான் பயிற்சி. அந்தச் சான்றிதழை வேலை கேட்ட இடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்திலோ பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறினால் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பேருந்துப் பயண அட்டையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். இவ்வளவும் இருக்க, கடன் வாங்கிக் காசைக் கொட்டுகிறார்கள் என்றால், காரணம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததுதான். எல்லா ஐ.டி.ஐ.யிலும் பிளம்பர் பிரிவு இருக்காது. எங்கே இருக்கிறது, எத்தனை இடம் என்று தங்கை கேட்டபோது அவள் மகன் படித்த பள்ளியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்களாக உயர்த்தியது. அதை வரவேற்கிறேன். ஆனால், ரோபோ இயக்கக் கற்றுத்தரும் அரசு, குழாய் வேலையைக் கீழாக நினைத்துவிடக் கூடாது. ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர்கள் இந்தியா முழுவதிலும் வளைகுடா நாடுகளிலும் பிளம்பர்களாக இருக்கிறார்கள். அந்த மாவட்டத்தின் பட்டாமுண்டையில் இந்தத் தொழிலுக்கென்றே ஒரு நிலையத்தை அந்த மாநில அரசு நடத்துகிறது.

மாவட்ட ஆட்சியர் தலையிட வேண்டும். அங்கீகார எண் அச்சிடாத பயிற்சி விளம்பரங்களை மாநகராட்சி அகற்ற வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிலையங்கள், அவற்றிலுள்ள பிரிவுகள், இடங்கள், கட்டணம் ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்கு முன்பே ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியின் வாசலிலும் ஒட்ட வேண்டும். ஏமாந்தவர்கள் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற ஆட்சியர் அலுவலகத்திலேயே புகார் வாங்க வேண்டும். அடுத்த சேர்க்கைக்குள் இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கைத்தறி நெசவாளர் ஒருவர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.