அறுவைக்குப் பின் அலட்சியம் ஆகாது

விதைப்பையில் ரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டுகொள்ளும் கோளாறை டாக்டர்கள் ‘வெரிகோசீல்’ என்கிறார்கள். மக்கள் வழக்கில் நரம்புச் சுருட்டு. உண்மையில் அது நரம்பன்று. அசுத்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பியனுப்பும் சிரை. நூறு ஆண்களில் ஏறத்தாழ 15 பேருக்கு இது உண்டு; பெரும்பாலும் இடப்பக்கத்தில். பலருக்குத் தொந்தரவு ஏதும் இராது. நாள் முழுதும் நின்று வேலை செய்வோர் வலி தாளாமலும், மணமானோர் குழந்தைப்பேறு தாமதமாவதாலும், ராணுவ, போலீஸ் வேலைக்குப் போவோர் மருத்துவப் பரிசோதனையில் நிறுத்தப்படுவதாலும் அறுவை சிகிச்சையை நாடுகிறார்கள்.

சிறிய அறுவைதான். அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் எந்த வீட்டுக்கு என்பதே கேள்வி. தாராவியில் ஏழெட்டுப் பேர் ஓர் அறையில் தங்கியிருக்கும் தொழிலாளிக்குப் படுத்துத் தேற இடமில்லை. கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை. தையல் ஆறுமுன்பே ரயிலேறிவிடுகிறார். மும்பையிலிருந்து நெல்லைச் சீமைக்கு ஒன்றரை நாள் பயணம். முன்பதிவில்லாத பெட்டியில் காலை நீட்ட வழியில்லை. நெரிசலில் கழிப்பறைக்குப் போகச் சங்கடப்பட்டுத் தண்ணீரும் குடிப்பதில்லை.

குழாய்க்குள் ரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள், ஜெர்மன் மருத்துவ மேதை விர்ச்சோவின் பெயரால் இன்றும் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன: ரத்த ஓட்டம் தேங்குதல், குழாய்ச் சுவருக்குக் காயம், ரத்தமே உறையும் தன்மை மிகுதல். அறுவையும் நெடும் பயணமும் சேர்ந்தால் மூன்றும் கூடிவிடுகின்றன. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தாலே இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. ரயிலும் பஸ்ஸும் அதற்கு விலக்கல்ல.

இளைஞர்களுக்கு இத்தகைய உறைவு அரிது என்பது மெய்யே. அரிதென்பதால்தான் அவரும் நினைப்பதில்லை, உடனிருப்போரும் நினைப்பதில்லை. போதாக்குறைக்கு, ‘ரத்தக்கட்டு’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு நோய்களுக்கு வழங்குகிறது. அறுவை செய்த இடத்தில் ரத்தம் கசிந்து விதைப்பை கறுத்து வீங்குவது ஒன்று. அது பெரும்பாலும் தானாக வற்றும், பெருத்துக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைவது மற்றொன்று. ஒரு கால் மட்டும் வீங்கும், கெண்டைச் சதை வலிக்கும், தொட்டால் சூடாயிருக்கும். இதையும் சுளுக்கு என்றெண்ணித் தைலம் தேய்த்து நீவிவிடுகிறார்களே, அதைவிடக் கேடு வேறில்லை. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் திடீரென மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், சிலருக்கு இருமலில் ரத்தம் வரும். அப்போது ஒரு மணி நேரமும் வீணாக்கலாகாது. அடுத்த ஸ்டேஷன் எதுவாயினும் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; அண்மையில் அறுவை நடந்ததை முதலில் சொல்ல வேண்டும்.

‘டாப்ளர்’ ஸ்கேன் காலில் உள்ள உறைவைக் காட்டிவிடும். ஹெப்பாரின் ஊசியும், குறைந்தது மூன்று மாதம் மாத்திரையும் கொடுத்தால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். வலி போயிற்றென்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதும், கடைக்காரரைக் கேட்டு வேறு வலி மாத்திரை சேர்த்துக்கொள்வதும் ஆபத்து.

ஆஸ்பத்திரிகளுக்கும் இதில் கடமையுண்டு. புரியாத மொழியில் ஒரு சீட்டைக் கையில் திணித்து அனுப்பினால் போதாது. ஊர் எங்கே, எப்போது பயணம், குடும்பத்தில் யாருக்கேனும் ரத்தம் உறைந்ததுண்டா, புகைப்பழக்கம் உண்டா என்று கேட்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. பயணத்தை எத்தனை நாள் தள்ளிப்போட வேண்டுமென்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதித்தரலாம். மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத் தமிழ் அமைப்புகள் மொழி தெரிந்த ஒருவரை உடன் அனுப்ப ஏற்பாடு செய்தால் பேருதவியாக இருக்கும்.

கூலி போகுமே என்ற அச்சத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளி, உரிய சந்தா செலுத்தப்பட்டிருந்தால், நோய் விடுப்புக்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் பெறலாம். அதற்கு ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் வேண்டும். ரயிலேறுமுன் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.