வால் நட்சத்திரம் எந்தப் பக்கம் போகிறது?

குட்டீஸ்... சேலத்தில் ஒரு பஸ்சைப் பார்க்கிறீர்கள், போர்டு தெரியவில்லை. அது நாமக்கல் போகிறதா, ஈரோடு போகிறதா? மறுபடி ராசிபுரத்தில் பார்த்தால் நாமக்கல். சங்ககிரியில் பார்த்தால் ஈரோடு!

வால் நட்சத்திரத்தையும் இப்படித்தான் பிடிக்கின்றனர். 2025, ஜூலை 1ல், சிலி நாட்டில் உள்ள, 'அட்லஸ்' தொலைநோக்கியில் ஒன்று சிக்கியது. பெயர், '3ஐ/அட்லஸ்!' உடனே, 'பூமியில் மோதும்; வேற்றுக்கிரகக் கப்பல்' என, மொபைல்போனில் வதந்தி பறந்தது. உங்களுக்கும் வந்திருக்குமே!

விஞ்ஞானிகளோ, அது இரவுக்கு இரவு எவ்வளவு நகர்கிறது என அளந்தனர். பழைய படங்களைத் துழாவியதில், ஜூன் 14லேயே அது பதிவாகியிருந்தது. புள்ளிகளைச் சேர்த்துப் பாதையைக் கணக்கிட்டனர். டிசம்பர் 19ல் மிக நெருங்கும்போதும், 27 கோடி கி.மீ., தள்ளியே போகும் என்று தெரிந்தது, அப்படியே போனது. அதன் வேகத்தைப் பார்த்தால், அது நம் சூரியக் குடும்பமே இல்லை. வேறொரு நட்சத்திரத்தின் பக்கமிருந்து வந்த விருந்தாளி!

நம்மவர் ஒருவரும் இந்த வேலையைச் செய்திருக்கிறார். சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1949ல், அமெரிக்காவின் ஹார்வர்டில் படித்தபோது, புகைப்படத் தகட்டில் புதிய வால் நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். அது திரும்பி வர, 60 ஆயிரம் ஆண்டுகள் ஆகுமாம்! ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தை உருவாக்கியவரும் அவரே.