ஃபிளெக்ஸில் இடம்பெறாத பிள்ளைகள்

கேரளத்தில் எல்.எஸ்.எஸ். தேர்வு முடிவு வந்ததும் பள்ளி வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் ஏறிவிடும். நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் வரிசையாக இருக்கும். மேலே பள்ளியின் பெயர், கீழே ‘அபிநந்தனங்கள்’. கொச்சி தேவராவிலிருந்து வெண்டுருத்திப் பாலம் ஏறி, வெலிங்டன் தீவு கடந்து, தோப்பும்படி வழியே மட்டாஞ்சேரி போகிறவர்களுக்கும் இது பழகிய காட்சிதான்.

எல்.எஸ்.எஸ். என்பது உதவித்தொகைத் தேர்வு. வகுப்பில் நன்றாகப் படிக்கிற சிலரைத்தான் ஆசிரியர்கள் அதற்குத் தயார் செய்வார்கள். விடுமுறையிலும் மாலையிலும் தனி வகுப்பு நடக்கும். நான்கு பேர் ஜெயித்தால் நான்கு படங்கள். மீதி இருபது பேருக்கு வாசிக்க வருகிறதா என்பதை அந்த ஃபிளெக்ஸ் சொல்லாது. சொல்வதற்காக அது வைக்கப்படுவதும் இல்லை; பிள்ளைகளைச் சேர்க்கத்தான் வைக்கிறார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த ஆறாவது வேலைநாளில் தலை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்கள் நிலைக்கும். வகுப்புக்குச் சராசரி 15 பேர்கூட இல்லாத பள்ளிக்கு ‘அன்எகனாமிக்’ என்றே பெயர். பிள்ளை பிடிக்க வேண்டிய நெருக்கடியில் தலைமையாசிரியர் ஃபிளெக்ஸ் வைக்கிறார் என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது. அதைப் பள்ளியின் தரச் சான்றாக எடுத்துக்கொள்ளும் பெற்றோர்தான் ஏமாந்து போகிறார்கள்.

அப்படியானால் மத்திய அரசின் அளவீடு உதவுமா? 2024 டிசம்பர் 4 அன்று நடந்த ‘பரக்’ தேசியக் கணக்கெடுப்பில் 3, 6, 9 வகுப்புகளைச் சேர்ந்த சுமார் 21 லட்சம் மாணவர்கள் பங்கேற்றார்கள். ஆறாம் வகுப்பில் கேரளம் முதலிடம் பிடித்தது. நாடு முழுவதும் பார்த்தால், 99 வரையிலான எண்களை ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ அடுக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 55 சதவீதம்தான். ஆறாம் வகுப்பில் பத்தாம் வாய்ப்பாடு வரை தெரிந்தவர்கள் 53 சதவீதம். கொள்கை வகுப்பவர்களுக்கு இந்த எண்கள் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் முடிவு வெளியானது 2025 ஜூலையில். மூன்றாம் வகுப்பில் தேர்வெழுதிய பிள்ளை அதற்குள் நான்காம் வகுப்பில் ஒரு மாதம் ஓட்டிவிட்டது. அதுவும் மாநிலத்துக்கும் மாவட்டத்துக்குமான சராசரி. தேவராவில் ஒரு வகுப்பு ஆசிரியை நாளைக் காலை யாரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும் என்பது அதில் கிடையாது.

மதிப்பெண்ணோடு ஆசிரியரின் பிழைப்பைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெட்ராஸ் மாகாணமே பழைய சாட்சி. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ‘ரிசல்ட் கிராண்ட்’ என்றொரு முறை இருந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு என ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம் கிடைக்கும். இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காகவே பாடம் நடக்கத்தானே செய்யும்? அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் இது இன்னும் கேவலமாக முடிந்தது. அங்கே 2011 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கையின்படி, ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44-இல் முறைகேடு. 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். விடைத்தாளில் தப்பை அழித்துச் சரியாக்கியவர்கள் பிள்ளைகள் அல்லர், பெரியவர்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம். மத்தியப் பிரதேசத்தின் ‘பிரதிபா பர்வ்’ தேர்வைப் பொருளாதார ஆய்வாளர் அபிஜித் சிங் தனியாகச் சோதித்துப் பார்த்தபோது, அரசுக் கணக்கில் காட்டப்பட்ட தேர்ச்சி உண்மையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது.

கேரளமும் இதற்கு விலக்கல்ல. 2024-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99.69 சதவீதம். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 டிசம்பரில், அப்போதைய பொதுக்கல்வி இயக்குநர் எஸ்.ஷானவாஸ் ஆசிரியர்களிடம் பேசியது வெளியே கசிந்தது. சொந்தப் பெயரை எழுதத் தெரியாதவர்களுக்கும் ஏ பிளஸ் போகிறது என்று அவர் குமுறியிருந்தார். அது அரசின் கருத்தல்ல என்றார் கல்வி அமைச்சர் சிவன்குட்டி. ஆனால் அடுத்த ஆகஸ்டிலேயே, எட்டாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பாடவாரியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் கொண்டுவர அமைச்சரவை முடிவெடுத்தது. எட்டாம் வகுப்பில் வடிகட்டுவதைவிட இரண்டாம் வகுப்பில் கவனிப்பது சுலபம். அதைத்தான் யாரும் பேசவில்லை.

எந்த மொழியில் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். தேவராவிலிருந்து வெண்டுருத்திப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வாத்துருத்தி. ரயில்வே கேட்டையொட்டிய இந்தக் குடியிருப்பில் தமிழகத்திலிருந்து கூலி வேலைக்கு வந்த குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். மட்டாஞ்சேரியிலோ கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது என்று தெருவுக்கொரு பேச்சு. கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்த தமிழ்ப் பிள்ளையிடம் அதே கணக்கை நான்கு வரி மலையாளத்தில் கேட்டால், கேள்வி புரியாமல் விழிக்கும். ரிப்போர்ட் கார்டில் ‘கணக்கில் பலவீனம்’ என்று ஏறிவிடும். பலவீனம் கணக்கில் இல்லையே! எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுத விடுகிற மாநிலத்துக்கு, எட்டு வயதுப் பிள்ளையிடம் அந்தக் கணக்கைத் தமிழில் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது பெரிய காரியமல்ல. எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம் இதைச் செய்துகாட்டியது. காலையில் சாப்பாடு போட்டு, பிள்ளையின் தாய்மொழி தெரிந்த தன்னார்வலரை உட்காரவைத்து, அங்கிருந்து மலையாளத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனார்கள். அந்தத் திட்டம் நடந்த பினானிபுரம் அரசுப் பள்ளியில், பீகார் தொழிலாளி ஒருவரின் மகன் 2019-இல் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கினான்.

நல்ல சோதனைக்கு அதிகம் செலவாகாது. வாசிப்பைச் சோதிக்க ‘அசர்’ கணக்கெடுப்பு 2005 முதல் வைத்திருப்பது ஒரே ஒரு தாள். அதில் எழுத்துகள், சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு குட்டிக் கதை. முதலில் பத்தியை வாசிக்கச் சொல்வார்கள். வந்தால் கதைக்கு ஏறலாம். வராவிட்டால் சொல்லுக்கும், அதுவும் வராவிட்டால் எழுத்துக்கும் இறங்கலாம். சில நிமிடங்களில் பிள்ளை நிற்கும் படி தெரிந்துவிடும். இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேரளத்தில் 2018-இல் 52.1 சதவீதம், பெருந்தொற்றுக்குப் பின் 2022-இல் 38.7. தமிழகத்தில் 10.2 இருந்தது 4.8 ஆனது. ‘அசர்’ கிராமங்களுக்கு மட்டும்தான் போகிறது. தேவராவும் மட்டாஞ்சேரியும் அதன் கணக்கில் இல்லை. ஆனால் அந்தத் தாளைப் பயன்படுத்த எந்த ஆசிரியருக்கும் தடையில்லை.

2022 ஜூனில் தமிழகம் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ இதே வழியில்தான் போனது. வகுப்பைப் பார்க்காமல், பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தந்தார்கள். யோசனை அருமை. பிறகு அதற்கும் ஒரு ஆப் வந்தது. பாடம் நடத்தவா, பதிவேற்றவா என்று ஆசிரியர்கள் கேட்கத் தொடங்கினார்கள். மேலிடத்துக்குக் கணக்குக் காட்டும் சுமை சேர்ந்தாலே எந்த நல்ல சோதனையும் பாழ்தான்.

அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் ‘எத்தனை பேருக்கு எல்.எஸ்.எஸ்.?’ என்று கேட்காதீர்கள். ‘மூன்றாம் வகுப்பில் பத்தி வாசிக்க முடியாதவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு இந்த மாதம் என்ன செய்கிறீர்கள்?’ என்று கேளுங்கள்.